சிறிய சபைக்காகப் பெரிய சபை பேச வேண்டும்

மட்டாஞ்சேரியில் 1653 ஜனவரி 3 அன்று மார்த்தோமா கிறிஸ்தவர்கள் எடுத்த கூனன் குருசு சத்தியத்தில், போர்த்துக்கீசிய ஆதிக்கத்தின் கீழ் வந்த பேராயருக்கும் இயேசு சபைப் பாதிரிமாருக்கும் இனிக் கீழ்ப்படிவதில்லை என்று ஒரு சமூகமே ஒரே குரலில் உறுதி கூறியது. அந்த ஒற்றுமை பத்தாண்டுகூடத் தாங்கவில்லை. பெரும்பகுதியினர் ரோமுடன் மீண்டும் இணைய, மற்றவர்கள் அந்தியோக்கியாவின் பக்கம் சாய்ந்தனர். இன்று சீரோ மலபார், லத்தீன், யாக்கோபாயா, ஆர்த்தடாக்ஸ், மார்த்தோமா, தென்னிந்தியத் திருச்சபை, பெந்தெகொஸ்தே என்று கேரளத்தில் சபைகள் பல. இவற்றை ஒரே பீடத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. வழிபாட்டு உரிமைக்கு ஆபத்து வரும்போது, யாருடைய உரிமை என்று பார்க்காமல் எல்லாரும் சேர்ந்து நிற்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

2025 ஜூலை 25 அன்று சத்தீஸ்கரின் துர்க் ரயில் நிலையத்தில் கேரளத்தைச் சேர்ந்த கன்னியாஸ்திரீகள் இருவர் கைதானார்கள். ஆள்கடத்தல், கட்டாய மதமாற்றம் என்பவை குற்றச்சாட்டுகள். உடன் சென்ற இளம்பெண்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள் என்று குடும்பத்தார் கூறியும், ஆகஸ்ட் 2 அன்றுதான் பிலாஸ்பூர் நீதிமன்றம் ஜாமீன் தந்தது. கேரளத்தில் சபை வேறுபாடும் கட்சி வேறுபாடும் கடந்து கண்டனம் எழுந்தது. நல்லதுதான். ஆனால் வட மாநிலக் கிராமமொன்றில் வீட்டுக்குள் ஜெபக்கூட்டம் நடத்திய பெந்தெகொஸ்தே போதகர் கைதாகும்போது அதே குரல் அதே வேகத்தில் எழுவதில்லை. பேராயரோ கல்லூரியோ வழக்கறிஞரோ இல்லாத அந்தச் சிறு சபைதான் முதலில் அடிபடுகிறது.

‘இவர்களின் ஆவேசப் பிரசங்கத்தால்தான் நமக்கும் கெட்ட பெயர்’ என்று பழைய சபைகளில் பலர் சொல்வது உண்டு. ஏமாற்றோ வற்புறுத்தலோ நடந்திருந்தால் சாட்சியத்துடன் நிரூபித்துத் தண்டிக்கட்டும். அதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் 1968இல் மத்தியப் பிரதேசம் இயற்றி, பின்னர் சத்தீஸ்கருக்கும் வந்து சேர்ந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பழைய சபை, புதிய சபை என்று பிரித்துப் பார்க்கவில்லை. துர்க்கில் கைதானவர்கள் கத்தோலிக்கத் துறவியர் என்பதே அதற்குச் சான்று. பிஜோ இம்மானுவேல் வழக்கையும் இங்கே நினைக்க வேண்டும். தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றும் பாடாததற்காகக் கேரளப் பள்ளியொன்றிலிருந்து வெளியேற்றப்பட்ட குழந்தைகள், பிற சபைகள் கிறிஸ்தவர்களாகவே ஏற்காத யெகோவாவின் சாட்சிகளைச் சேர்ந்தவர்கள். 1986இல் உச்சநீதிமன்றம் அவர்களுக்குத் தந்த தீர்ப்பு, இன்று எந்த மதத்தவரின் மனச்சாட்சிக்கும் அரணாக நிற்கிறது.

இப்படிச் சேர்வது வாக்கு வங்கி அரசியலாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. சலுகை கேட்டுச் சேர்ந்தால் ஆகும். அரசமைப்பின் 25ஆவது பிரிவு எல்லாருக்கும் தரும் உரிமையைக் கேட்டால் ஆகாது. அதே உரிமை முஸ்லிமுக்கோ தலித்துக்கோ மறுக்கப்படும்போதும் குரல் கொடுத்தால் அந்த ஐயத்துக்கே இடமிராது. கோட்பாடு நீர்த்துப்போகும் என்ற அச்சமும் தேவையற்றது. ஒருவருக்காக நீதிமன்றத்தில் நிற்க, அவரோடு ஒரே பந்தியில் நற்கருணை பெற வேண்டியதில்லை.

இதைவிடக் கடினமான தடை வீட்டுக்குள் இருக்கிறது. ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயா சபைகளுக்கிடையிலான தேவாலய உரிமை வழக்கில் 2017இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பின்பும் சண்டை ஓயவில்லை. 2019இல் பிறவம் தேவாலயத்துக்குள் காவல்துறை நுழைய வேண்டியிருந்தது. இறந்தவரைக் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யவே 2020இல் கேரள அரசு தனிச் சட்டம் இயற்றியது; கிறிஸ்தவர்கள் வெட்கப்பட வேண்டிய சட்டம் அது. தேவாலயச் சாவிக்காகக் காவலரை அழைப்பவர்கள், ஜெபவீட்டுக் கதவைத் தட்டும் காவலரைக் கேள்வி கேட்கும் தார்மீக பலத்தை இழக்கிறார்கள்.

கேரளத்தின் ஆயர்களும் மெத்ராப்போலீத்தாமாரும் போதகர்களும் சேர்ந்து, சபை பாராமல் உதவும் பொதுச் சட்ட உதவி நிதியொன்றை உடனே தொடங்க வேண்டும். அதன் முதல் தொகை, பெயர் தெரியாத ஒரு கிராமப் போதகரின் ஜாமீனுக்குப் போகட்டும்.