தாருக்கு லிஃப்ட் கிட், புல் பார் போடலாமா?

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு உயரமான ஜீப் மேல் ஆசை வருவது இயல்புதான். தார், ஜிம்னி வாங்கியதும் வீட்டு வாசலிலேயே வேலை ஆரம்பமாகிவிடுகிறது: லிஃப்ட் கிட், பெரிய டயர், ஸ்நார்கெல், முன்னால் ஒரு புல் பார்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அபராதத்தை விடுங்க, உயிர்தான் முக்கியம். புல் பார் இருந்தால் மோதலின் விசை போகும் பாதையே மாறும். ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் போகலாம். ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும் பாதசாரிக்கும் அது ஆபத்து. 2017-லேயே மத்திய அரசு அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. லிஃப்ட் செய்தால் வண்டி கவிழும் வாய்ப்பு கூடும். பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். இன்சூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகலாம்.

வெள்ளத்துக்கு ஸ்நார்கெல் போதாதா? அது எஞ்சினுக்குக் காற்று தரும், அவ்வளவுதான். ஒயரிங்கைக் காக்காது, நீரோட்டம் வண்டியை இழுப்பதையும் தடுக்காது.

அப்போ வீட்டில் செய்ய எதுவுமே இல்லையா? இருக்கு. இழுவைப் பட்டை, சின்ன ஏர் பம்ப் வாங்கி வையுங்க. சேற்றில் ஓட்டி வந்தால் அடிப்பாகத்தைக் கழுவுங்க. அதுக்கு மேல் எந்த மாற்றம்னாலும், முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேளுங்க, அப்புறம் ஸ்பேனரை எடுங்க.