எப்.சி. இல்லாத காரும் எலுமிச்சம் பழமும்

பழைய மோட்டார் கார்களை வாங்கி விற்கும் வியாபாரம் இன்று நம் நாட்டில் சிற்றூர்கள் வரையில் பரவி விட்டது. கார் என்பது பணக்காரருக்கே உரியது என்றிருந்த நிலைமை மாறி, சிறு கடை வைத்திருப்பவரும், வாத்தியாரும், குடியானவரும் ஒரு பழைய காராவது வாங்கலாம் என்று ஏற்பட்டிருப்பது வரவேற்கத்தக்க காரியமேயாகும். ஆனால் இந்த ஆசையையே மூலதனமாக வைத்துச் சில வியாபாரிகள் செய்து வரும் புரட்டைப் பற்றித்தான் இங்கு எழுத வேண்டியிருக்கிறது. அதாவது, எப்.சி. என்று எல்லோரும் சொல்லும் தகுதிச் சான்று காலாவதியான வண்டியைக் கழுவி, பெயிண்ட் அடித்து, கடை வாசலில் நிறுத்தி, "எப்.சி. ஒரு பெரிய காரியமா? பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துப் போங்கள், அதைப் பின்னால் பார்த்துக் கொள்ளலாம்" என்று தலையில் கட்டி விடுவதாகும்.

இந்தச் சீட்டுக்கு என்ன அவசியம்? 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும். அதன் பிறகு வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி, 5 வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்க வேண்டும். வாடகைக் காருக்கோ, அதற்கு 8 வயதாகும் வரை 2 வருஷத்துக்கு ஒரு தரமும், பிறகு வருஷந்தோறும் சான்று வாங்க வேண்டும். சான்று இல்லாத வாடகை வண்டி சட்டத்தின் கண்ணில் பதிவே இல்லாத வண்டியாகும். பிரேக் பிடிக்கிறதா, ஸ்டீயரிங் ஆடுகிறதா, விளக்கு எரிகிறதா என்று ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதே இதன் கருத்து.

நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். எப்.சி. வாங்குவது அவ்வளவு சுலபமானால் அதை வியாபாரியே வாங்கி வைத்து, கூட நாலு காசு சேர்த்து விற்கலாமே, ஏன் விற்கவில்லை? "வண்டி என் பெயரில் இல்லை, நான் எப்படி விண்ணப்பம் போடுவது?" என்று முன்பெல்லாம் சமாதானம் சொல்ல இடமிருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற வியாபாரி தம் கையிலுள்ள வண்டிக்குத் தாமே பதிவையும் தகுதிச் சான்றையும் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். ஆகவே அந்தச் சமாதானமும் ஒழிந்தது. இனிமேல் சான்றில்லாமல் விற்கிறவர் ஒன்று அங்கீகாரம் இல்லாதவராயிருக்க வேண்டும். அல்லது அந்த வண்டி பிரேக் இன்ஸ்பெக்டர் முன் தேறாது என்று தெரிந்தவராயிருக்க வேண்டும். அல்லது செலவை உங்கள் தலையில் சுமத்துகிறவராயிருக்க வேண்டும். மூன்றில் எதுவானாலும் நஷ்டம் உங்களுடையதே.

நஷ்டம் பணத்தோடு நிற்பதுமில்லை. தற்காலிகப் பதிவு காலாவதியான வண்டிகளைப் பற்றிய வழக்குகளில், இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று 2014-லும் 2021-லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பெண்டு பிள்ளைகளின் நகையை அடகு வைத்து வாங்கிய வண்டி விபத்தில் நொறுங்கினால், கடன் மட்டும் மிஞ்சும் என்பதே இதன் பொருள். அதுவும் போகட்டும். பிரேக் பிடிக்காத வண்டியின் முன்னால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வந்து விட்டால், மலிவாய் வாங்கிய கணக்கை அந்தத் தாயிடம் காட்ட முடியுமா?

இது நிற்க, நம் ஜனங்கள் வண்டி வாங்கும்போது எதைப் பார்க்கிறார்கள்? நல்ல நாள் பார்க்கிறார்கள். ராகு காலம் பார்க்கிறார்கள். நம்பரைக் கூட்டினால் 8 வருகிறதா என்று பார்க்கிறார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம் பழம் வைத்து நசுக்குகிறார்கள். அந்தச் சக்கரத்தின் டயர் தேய்ந்து வழுக்கையாயிருப்பதை, பழத்தை வைக்கக் குனிந்தவர் கூடப் பார்ப்பதில்லை! இந்த நம்பிக்கையை வளர்ப்பதில் வியாபாரிக்கு ஆட்சேபணை ஏது? பழமும் தேங்காயும் அவரே இனாமாய்க் கொடுப்பார். எப்.சி.யை விட அது மிகவும் மலிவல்லவா?

அதற்காக, எப்.சி. இருந்தால் போதும் என்று அதையும் ஒரு தாயத்தாக்கிக் கொள்ளச் சொல்லவில்லை. சான்று, பரிசோதித்த அன்றைய நிலைமையைச் சொல்லுமே தவிர, மறுநாளைக்கு ஜாமீன் நிற்காது. 15 வருஷத்துக்கு உட்பட்ட சொந்தக் காருக்கு இடையில் அந்தப் பரிசோதனையே கிடையாது. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எத்தனை! அப்படி மூழ்கிய வண்டியைத் துடைத்து விட்டால் வெளியில் ஒன்றும் தெரியாது. உள்ளே ஒயர்கள் சேரும் இடமெல்லாம் துருவேறி, பல மாதம் கழித்து நடுவழியில் நின்று விடும். ஆகவே சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். வியாபாரியின் ஆளை நம்பாமல் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். ஆர்.சி.யிலுள்ள இஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் உள்ளவையும் ஒன்றா என்று ஒத்துப் பாருங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தரகரிடம் கொடுத்து விட்டால் தொல்லை ஒழிந்தது என்று நினைக்க வேண்டாம். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்கு நஷ்ட ஈடு கொடுக்கும் உடைமைக்காரர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி விட்டது.

"ஏழைக்கு மலிவாய்க் கிடைப்பதையும் கெடுக்கிறீர்களே" என்று சிலர் சொல்லலாம். பணக்காரன் கெட்ட வண்டியை வாங்கினால் இன்னொன்று வாங்கிக் கொள்வான். ஏழைதான் அதோடு அழிகிறான். ஆகவே சான்று கேட்கும் அவசியம் ஏழைக்கே அதிகம். பிரிட்டனில் 1960 முதல் பழைய கார்களுக்குப் பரிசோதனை உண்டு. இன்று 3 வயதான கார் வருஷந்தோறும் பரிசோதிக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் பதிவோடு விற்கும் பழைய காருக்கு, விற்பனைக்கு முந்திய 30 நாளுக்குள் வாங்கிய சான்று வேண்டும். கடை வைத்து விற்கும் ஒவ்வொரு பழைய காருக்கும் அப்படியொரு சான்று இருந்தே தீர வேண்டும் என்று நம் சர்க்காரும் ஏன் விதிக்கக் கூடாது?

சர்க்கார் செய்யும் வரையில் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. "எப்.சி. எங்கே?" என்று கேளுங்கள். "பின்னால் வரும்" என்றால், "பணமும் பின்னால் வரும்" என்று சொல்லி எழுந்து வாருங்கள். பத்துப் பேர் இப்படி எழுந்து வந்தால், பதினோராவது ஆளுக்கு வியாபாரி சான்றோடுதான் வண்டியைக் காட்டுவார்.