பத்துப் பேர் சேர்ந்து கேட்டால்

காலை எட்டு மணிக்குச் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். நைட் டூட்டி முடித்த நர்ஸ்கள் புவனகிரி பஸ்ஸிலும் காட்டுமன்னார்கோவில் பஸ்ஸிலும் ஏறி உட்கார்ந்ததுமே ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவார்கள். தனியார் மருத்துவமனை சிஸ்டர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே கதைதான். மாற்றிவிட ஆள் வராவிட்டால் எட்டு மணி நேர டூட்டி பதினாறு ஆகும். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. பிடிக்கவில்லை என்றால் நின்றுகொள் என்பார்கள். நிற்கலாம் என்றால், வேலைக்குச் சேர்ந்த அன்று வாங்கி வைத்த ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் தர மாட்டார்கள்!

ஒருத்தியாகக் கேட்டால் இதுதான் பதில். சேர்ந்து கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது?

2015-ல் அரசு மருத்துவமனைகளுக்காக எம்.ஆர்.பி. எனும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தது. இரண்டு ஆண்டில் பணிநிரந்தரம் என்ற பேச்சு காற்றோடு போனது. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். எனும் மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் ஆயிரக்கணக்கில் வந்து போராட உட்கார்ந்தார்கள். பிறகு தொகுப்பூதியம் 14,000 ஆனது, அப்புறம் 18,000. நிரந்தரம் கேட்டு இன்னமும் போராடுகிறவர்கள் உண்டு, ஆகவே முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மகப்பேறு விடுப்புக்காக அவர்களின் சங்கமே உயர் நீதிமன்றம் போனது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் மகப்பேறு பயன் சட்டம்தான் செல்லும் என்று 2025-ல் தீர்ப்பு வந்தது. ஏழு மாத வயிற்றோடு ஒரு நர்ஸ் தனியாக வக்கீல் தேடி அலைந்திருந்தால் இது நடந்திருக்குமா?

தனியார் மருத்துவமனை நர்ஸ்களுக்கும் வழி இருக்கிறது. 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனை அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும், 50 படுக்கைக்குக் கீழே என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. கேரளத்தில் ஐக்கிய செவிலியர் சங்கம் வேலைநிறுத்தம் வரை போய், 2018-ல் அந்த 20,000-ஐ அரசாணையில் ஏற்ற வைத்தது. நம் ஊர்ச் சின்ன மருத்துவமனைகளில் அந்தத் தொகையைக் கண்ணால் பார்த்த சிஸ்டரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நோயாளியை விட்டுவிட்டுக் கொடி பிடிக்கப் போய்விடுவார்களே என்று சிலர் கேட்கிறார்கள். பதினாறாவது மணி நேரத்தில் கண் சொருகியபடி உங்கள் அப்பாவுக்கு ஊசி போட வருகிறவரைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை போலிருக்கிறது. சங்கம் என்றால் வேலைநிறுத்தம் மட்டுமல்ல. டூட்டி அட்டவணையை முன்கூட்டியே ஒட்டச் சொல்வதும், வார்டில் தகராறு செய்யும் உறவினர் மீது போலீசில் புகார் கொடுக்கக் கூட வருவதும் சங்கம்தான்.

சேர்ந்து கேட்பது இந்தக் கடலூர் மாவட்டத்துக்குப் புதிதா? நெய்வேலியில் சங்கம் இல்லாத கேன்டீனைக் காட்டுங்கள் பார்ப்போம். அண்ணாமலைநகரில் மருத்துவ மாணவர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்ததால்தான் 2021-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது. அரசுக் கல்லூரிக் கட்டணமும் வந்தது.

சட்டப்படி சங்கம் பதிய, தொழிலில் உள்ளவர்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது நூறு பேர், எது குறைவோ அது போதும். ஏழு பேருக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். ஐந்தாறு நர்ஸ் மட்டும் உள்ள மருத்துவமனையில் தனிச் சங்கம் நிற்காது. கடலூர் முதல் சிதம்பரம் வரை ஒன்றாகச் சேர்ந்தால் நிற்கும்.

அதுவரை தொழிலாளர் துறை செய்ய வேண்டியது உண்டு. எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம் இருக்கிறதா, பிடித்து வைத்த சர்டிபிகேட்டுகள் திரும்பினவா என்று பார்க்க வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாமே என்பார்கள். திங்கட்கிழமை ஆஃப் கேட்டால் எதற்கு என்று கேட்பார்களே! அதிகாரிகள்தான் ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேல் வந்து, டூட்டி ரெஜிஸ்டரைத் திறந்து பார்க்க வேண்டும்.