பிறர் குதிரை நம் லாயத்தில்

தேசூரில் தறிச் சத்தம் நாள்தோறும் கேட்கும். குளம்புச் சத்தம் கேட்பதோ திருமண ஊர்வலத்தன்றுதான். பைத்து முழங்க மாப்பிள்ளை குதிரையில் வரும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் அற்றுப்போகவில்லை. அந்தக் குதிரையின் உடைமையாளருக்கு வீட்டில் இடமிராது. கொட்டிலும் கொல்லையும் உள்ள ஒருவரிடம் மாதக் கட்டணத்திற்கு ஒப்படைப்பார். இவ்வாறு நான்கைந்து குதிரைகளை ஏற்று நடத்த எண்ணும் சகோதரர்களுக்காகவே இம்மாதப் பக்கம். கொட்டிலின் அளவு, கூரை, கட்டணம் ஆகியவற்றை நீங்களே கணக்கிட்டுக்கொள்வீர்கள். பெரும்பாலான பூசல் எழுவது தீவனத்தில்தான். குதிரை மடிவதும் பெரும்பாலும் அதில்தான்.

இதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவை ஆண்ட வணிகர் ஜமாலுத்தீன், ஆண்டுக்கு 1400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப உடன்படிக்கை செய்திருந்தார். குதிரை ஒன்றுக்கு விலை 220 பொன் தீனார். கடலில் மாண்டவற்றுக்கும் பாண்டியரின் கருவூலம் விலை கொடுத்தது. காயலில் அவருடைய பொறுப்பாளராக இருந்தவர் அவர் சகோதரரும் பாண்டியரின் அமைச்சருமான தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான். குதிரை வீரர் என்று பொருள்படும் ‘ராவுத்தர்’ என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் நமக்கு இந்த வாணிபம் அயலான செய்தியன்று.

அத்தனை பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் என்னவாயின? பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் வருந்தி எழுதுகிறார்: வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் கலந்த தானியமும் ஊட்டினார்கள், காய்ச்சிய பசும்பாலைப் புகட்டினார்கள், முளையில் கட்டி 40 நாள் கொழுக்க வைத்து, பின் பயிற்சியின்றி ஏறி விரட்டினார்கள். இறைச்சியோடு வேகவைத்த அரிசியைக் கொடுத்ததாக மார்க்கோ போலோ எழுதியுள்ளார். ஆண்டு முடிவில் மிகச் சிலவே எஞ்சின என்றும், குதிரை பேணத் தெரிந்தோர் இங்கே வந்துவிட்டால் விற்பனை குறையுமென வணிகர்களே அவர்களைத் தடுத்தனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். அயலார் எழுத்தில் மிகை இருக்கலாம். ஆனால் அந்த 40 நாள் செய்தி மட்டும் எனக்கு மிகையாகத் தோன்றவில்லை.

குதிரையின் வயிற்றமைப்பை அறிந்தால் காரணம் விளங்கும். அவ்வளவு பெரிய உடலுக்கு இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். தின்றது ஒவ்வாவிட்டால் வாந்தியெடுக்க அதனால் இயலாது. பகலும் இரவுமாகச் சிறிது சிறிதாகப் புல் மேயப் படைக்கப்பட்ட உயிர் அது. ஒரே வேளையில் தானியத்தைக் குவித்தால் கடும் வயிற்று வலி காணும். குளம்பின் உட்பகுதி வெந்து நிற்க முடியாமலும் போகும். ஓய்வு நாளிலும் முழுத் தானியம் தின்று நின்ற குதிரையை மறுநாள் கடுமையாக ஓட்டினால் தசைகள் இறுகிச் சிறுநீர் கருஞ்சிவப்பாக இறங்கும். ஞாயிறு ஓய்ந்து திங்களன்று வேலைக்குப் போன வண்டிக் குதிரைகளிடம் கண்டமையால் ஐரோப்பியர் இதைத் ‘திங்கட்கிழமை நோய்’ என்றனர்.

நமக்கு இது ஒரு மாத நோயாகிவிடும். ரமளானில் ஊர்வலம் இல்லை. குதிரை கட்டுத்தறியிலேயே நிற்கும். ‘பெருநாளுக்குப் பின் வேலை இருக்கிறது, கொள்ளைக் குறைக்காதீர்’ என்பார் உடைமையாளர். ஷவ்வால் பிறந்ததும் தொடர்ந்து திருமணங்கள்! பாண்டிய நாட்டின் 40 நாளும் இதுவும் ஒன்றே. வேலையற்ற மாதத்தில் கொள்ளைப் பாதிக்கும் கீழே குறையுங்கள், புல்லைக் குறைக்காதீர்கள். நாள்தோறும் நடத்திவாருங்கள். பெருநாள் நெருங்குகையில் பத்து நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். லாயக்காரர் நோன்பு திறக்கும் நேரத்தில் மாலைத் தீவனத்தை வைத்துக்கொண்டு இருவரையும் வாட்ட வேண்டாம். அஸருக்குப் பின் தானியம், தராவீஹுக்குப் பின் புல் என்று முன்கூட்டியே சிறிது சிறிதாக நேரத்தை நகர்த்திவிடலாம்.

அளவைச் சொல்கிறேன். 300 கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரைக்கு நாளொன்றுக்கு 5 முதல் 6 கிலோ உலர்ந்த புல் வேண்டும். அருகம்புல் கிடைத்தால் அதுவே மேல். ஊறவைத்த அல்லது வேகவைத்த கொள்ளு, உலர்ந்த எடையில் வேளைக்கு ஒரு கிலோவைத் தாண்ட வேண்டாம். தண்ணீர் 25 லிட்டருக்குக் குறையலாகாது; கோடையில் இன்னும் கூடும். மாட்டுக்கென வளர்க்கும் நேப்பியர் புல்லையும் தவிட்டையும் மட்டுமே நம்பினால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து முக எலும்பு வீங்கிவிடும். நம் பக்கத்து வேர்க்கடலைக் கொடி நல்ல தீவனமே, பூஞ்சை பிடிக்காதவரை. கோழித் தீவனத்தை லாயத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள். அதில் சேர்க்கப்படும் மொனென்சின் என்னும் மருந்து குதிரைக்கு நஞ்சு.

புதிதாக வரும் குதிரை தன் பழைய தீவனத்தில் ஒரு வாரத்திற்கானதைக் கொண்டு வரட்டும். பழையதோடு கலந்து கலந்தே புதியதற்கு மாற்றுங்கள். இரண்டு வாரம் தனியே கட்டி, சளியோ காய்ச்சலோ இல்லையெனக் கண்டபின் மற்றவற்றோடு சேர்க்கலாம். சொந்தக் கொள்ளு தருகிறேன் என்பவரிடம் தனி டின்னில் பெயர் எழுதி வாங்குங்கள். இல்லையேல் ‘என் கொள்ளை யார் குதிரை தின்றது?’ என்ற வழக்கு நிச்சயம்.

எல்லாவற்றிலும் கடினமானது அன்பைத் தடுப்பது. வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகளோடு வரும் உடைமையாளர் மடியில் வெல்லமும், முந்திய நாள் விருந்தின் சோறும் இருக்கும். தடுத்தால், “என் குதிரைக்கு நான் கொடுக்கிறேன், உமக்கென்ன பாய்?” என்பார். குதிரை அவருடையதுதான், இரவு இரண்டு மணிக்கு அது தரையில் உருண்டால் எழுந்து ஓடுபவர் நீங்களல்லவா? ஒப்படைத்த நாளிலேயே, தீவனம் ஒரு கையால் மட்டுமே வைக்கப்படும் என்று எழுதிக் கையொப்பம் பெற்றுவிடுங்கள். இதற்கு உடன்படாதவரின் குதிரையை ஏற்காதிருப்பதே நல்லது, கட்டணம் எவ்வளவாயினும்.

கட்டணம் வராத மாதம் என்ன செய்வது? தீவனத்தை நிறுத்தி நெருக்குவோர் உண்டு. அமானிதமாக வந்த வாயில்லாப் பிராணியைப் பட்டினி போட்டுக் கடன் வசூலிக்க நமக்கு உரிமை இல்லை. சட்டமும் இடம் தராது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் மூன்றாம் பிரிவில், உடைமையாளரை மட்டுமன்றி விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் எவரையும் கட்டுப்படுத்துகிறது. ஆகவே இரண்டு மாதக் கட்டணத்தை முன்பணமாக வாங்கி வையுங்கள். எத்தனை நாள் தவறினால் குதிரையைத் திருப்பி அழைத்துச் செல்ல வேண்டும், உடைமையாளர் தொலைபேசியில் கிடைக்காத இரவில் கால்நடை மருத்துவரை அழைக்க யாருக்கு அதிகாரம், அச்செலவு யாருடையது என்பவற்றையும் அதே தாளில் எழுதி, இரு சாட்சிகளோடு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.