காலண்டரில் பச்சைப் புள்ளி

எங்கள் வீட்டில் தினசரி தாள் கிழிக்கிற காலண்டர்தான். போன வருடம் முழுக்க, கிழித்த தாளைக் கசக்கிப் போடாமல், அதன் பின்பக்கம் அன்றைய காற்றுத் தரக் குறியீட்டை எழுதி, ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளியும் வைத்து, கிளிப் மாட்டிச் சேர்த்துவந்தேன். எண் 50-க்குள் இருந்தால் கரும்பச்சை, 100 வரை இளம்பச்சை, 200 வரை மஞ்சள், அதற்கு மேல் ஆரஞ்சு, சிவப்பு. "ராகுகாலம் எமகண்டம் பார்க்காத மனுஷன், இதைப் பார்க்கிறதுக்கு மட்டும் விடியக்காலையில எழுந்துக்கிறார்" என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

காரணம் டாக்டர். எனக்குப் பத்து வருடமாக வீசிங். "வருஷத்துல எந்த மாசம் உங்களுக்கு அதிகமா படுத்துது?" என்று கேட்டார். திருதிருவென்று முழித்தேன். அன்று வாங்கியதுதான் ஸ்கெட்ச் பேனா.

நங்கநல்லூர்க்காரனான எனக்குப் பக்கத்தில் இருக்கும் அளவீட்டு நிலையம், ஆலந்தூர் பஸ் டிப்போவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருப்பது. பஸ் டிப்போவுக்குள் ஒரு மூக்கு! செயலியில் அது சொல்வதைத்தான் நான் எழுதிக்கொண்டேன்.

சென்னையில் வருடம் தொடங்குவதே மோசமாகத் தொடங்குகிறது. மார்கழிக் கடைசியில் காற்று அசையாது. ராத்திரி தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழேயே படுத்துக்கொள்ள, அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடி போட்டதுபோல் உட்கார்ந்துவிடும். அடுப்புப் புகை, லாரிப் புகை எல்லாம் அந்த மூடிக்குக் கீழேதான். போதாக்குறைக்குப் போகி. 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகையும் பனியும் சேர்ந்து, மீனம்பாக்கத்தில் ஓடுபாதையே தெரியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். பழைய பாயும் கிழிந்த துணியும் எரிந்த காலம் வேறு. பிளாஸ்டிக்கும் டயரும் எரியத் தொடங்கியபிறகு, போகி மேளச் சத்தம் கேட்டாலே என் கை இன்ஹேலரைத் தேடுகிறது.

பொங்கல் கழிந்தால் மெல்லச் சரியாகும். கோடையில் பதினொன்று, பன்னிரண்டு மணிக்கெல்லாம் கடற்காற்று ஏறிவிட்டால் புழுக்கத்தோடு புகையும் கலையும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து தூசியைக் கிளப்பும், ஆனால் எதையும் ஒரே இடத்தில் நிற்க விடாது. இடையில் குப்பைமேடு ஏதாவது பற்றிக்கொண்டால்தான் தொல்லை. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தபோது, கண்ணைக் கசக்கிக்கொண்டே ஆபீஸ் போனவர்களில் நானும் ஒருவன்.

தீபாவளிக்கு நம் ஊருக்கென்று ஒரு தனி வழக்கே உண்டு. 2018-ல் உச்ச நீதிமன்றம் ராத்திரி எட்டிலிருந்து பத்து வரைதான் வெடிக்கலாம் என்றது. நமக்கோ தீபாவளி என்றால் விடியற்காலை எண்ணெய்க் குளியலும் அதற்கப்புறம் சரவெடியும். தமிழக அரசு அதைச் சொல்லிக் கேட்டு, இரண்டு மணி நேரத்தைக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று பிரித்துக்கொண்டது. அந்த நேரத்தில் மட்டும் வெடித்த ஒரு தெருவை எனக்கு யாராவது காட்டுங்கள். அன்று மழை வந்தால் பிழைத்தோம். வராவிட்டால் மறுநாள் தாளில் என் புள்ளி எந்த நிறம் என்று சொல்லவேண்டியதில்லை. பிறகு வடகிழக்குப் பருவமழை வலுத்து எல்லாவற்றையும் கழுவிவிடும். கார்த்திகையில் பச்சையாய்ப் பச்சையாய்த் தாள்கள் சேரும்.

ஆக, டாக்டருக்குப் பதில் கிடைத்தது: ஜனவரி. ஆனால் தாள்கட்டைப் புரட்டப் புரட்ட எனக்கு வந்தது ஒருவித மிதப்பு. 'டெல்லி மாதிரி இல்லையே' என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொள்கிறோமே, அந்த மிதப்பு. 2019-ல் தேசிய தூய காற்றுத் திட்டம் தொடங்கியபோது அதன் முதல் பட்டியலில் சென்னை இல்லை, தூத்துக்குடிதான் இருந்தது. கடல் நம் பக்கம் என்கிற தைரியம். அந்தக் கடல் லேசுப்பட்டதல்ல. ராத்திரி கரைக்காற்று கடலுக்குத் தள்ளிய புகையை, மறுநாள் கடற்காற்று கரைக்கே கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டு. அளவுகோல் எது என்பதும் இருக்கிறது. பிஎம் 2.5 என்கிற நுண்துகள் வருடச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது நம் நாட்டுக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 5.

இந்த மிதப்போடுதான், கார்த்திகைக்கு முன்பே ஒருநாள், வடசென்னை எர்ணாவூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் பண்ணினேன். "டேய், நீ நங்கநல்லூர்ல உக்காந்துக்கிட்டுச் சொல்லுவ. இங்க ராத்திரி பதினோரு மணிக்கு ஜன்னலைச் சாத்துறேன், கேஸ் நாத்தம். எங்கிருந்து வருதுன்னு யாருக்கும் தெரியாது. கேட்டா எங்களது இல்லைங்குறாங்க எல்லாரும்."

உடனே அவள் பக்கத்து மணலி நிலையத்தின் எண்ணைப் பார்த்தேன். இளம்பச்சை! அக்காவுக்குப் பிரமையோ என்றுகூட நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. இந்தக் குறியீட்டுக்குக் கணக்கில் எடுப்பது எட்டே எட்டு: இரண்டு வகைத் துகள்கள், நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்பர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடு அதில் கிடையாது. பென்சீன் கிடையாது. அதுவும் பெரும்பாலும் 24 மணி நேரச் சராசரி. ராத்திரி ஒரு மணி நேரம் மூக்கைப் பொத்திக்கொண்டவளின் அவஸ்தை, மீதி இருபத்துமூன்று மணி நேரத்தில் கரைந்துபோகும். பட்டியலில் இருக்கிற அம்மோனியாவே 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து கசிந்தபோது, பெரியகுப்பத்து ஜனங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது செயலி இல்லை, அவரவர் மூக்கும் கண்ணும்தான்.

"சரி, நாத்தம் வர்ற அன்னைக்கெல்லாம் உன் காலண்டர்ல குறிச்சு வை" என்றேன். அக்கா வீட்டில் கட்டம் போட்ட மாதக் காலண்டர். பால் கணக்கு, சீட்டுப் பணம், சிலிண்டர் வந்த நாள், எல்லாம் அதில்தான்.

பொங்கலுக்குப் போயிருந்தபோது எடுத்துக் காட்டினாள். கார்த்திகையில் என் பச்சைப் புள்ளிகள் வரிசைகட்டிய அதே நாள்களில், அவள் காலண்டரில் ஒன்பது கட்டத்தில் பால்பாயிண்ட் பேனாவால் 'கேஸ்' என்று எழுதியிருந்தது. அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல சிலிண்டர் வந்தது எது?"