பதினாறாவது பிஸ்கட்

உறையில் 16 பிஸ்கட் என்றிருந்தது, உள்ளே 15. தெருவில் திரியும் விலங்குகளுக்குப் போட வாங்கியவர், போனால் போகிறது என்று விடவில்லை. அவருக்கு, அந்தப் பிஸ்கட்டைத் தயாரித்த ஐ.டி.சி. நிறுவனம் ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023-இல் திருவள்ளூர் நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. எண்ணிக்கை அல்ல, எடைதான் கணக்கு என்றது நிறுவனம். நிறுத்தால் அதுவும் குறைவு: 76 கிராமுக்கு 74. நாலரை கிராம் வரை குறைய விதியே அனுமதிக்கிறதே என்ற வாதமும் எடுபடவில்லை. ஆவியாகும் பொருளுக்குத்தான் அந்தச் சலுகை என்றது ஆணையம். சரியான தீர்ப்பு. எந்திரம் தவறுவது சகஜம் என்றால், எப்போதாவது 17-உம் வரவேண்டாமா? உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், மளிகைக் கடைக்காரரிடம் சண்டை பிடித்துப் பயனில்லை, சீல் வைத்தது அவரல்ல. பில்லோடு, பிரிக்காத இன்னொரு பாக்கெட்டையும் பத்திரப்படுத்துங்கள். எடையளவுப் புகார்களைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறைதான் விசாரிக்கிறது.