பிபிஏ எங்கே சேர்க்கறது? மலையிலிருந்து ஒரு த்ரெட்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தா போதும், ஓபி சீட்டோட சேர்த்து இந்தக் கேள்வியும் வரும்: "சார், புள்ளைய பிபிஏ சேக்கலாம்னு இருக்கோம், எந்தக் காலேஜ் நல்லது?" நான் படிச்சது எம்பிபிஎஸ். ஆனாலும் ஜவ்வாது மலையில டாக்டர்கிட்ட எல்லாத்தையும் கேப்பாங்க. கேட்டவங்களுக்குச் சொன்னதை இங்கயும் எழுதிடறேன்.

முதல்ல ஏஜென்ட். "ஏவியேஷன்", "லாஜிஸ்டிக்ஸ்"னு வால் ஒட்டின பிபிஏ நோட்டீஸோட மலையேறி வர்றாங்க. "எஸ்டி ஸ்காலர்ஷிப்ல எல்லாம் கழிஞ்சிடும், ஒரிஜினல் மார்க்‌ஷீட் மட்டும் கொடுங்க"ன்னு சொல்வாங்க. கொடுக்காதீங்க. சரிபார்த்துட்டு ஒரிஜினலைத் திருப்பித் தரணும்னு யுஜிசி 2018லயே சொல்லியாச்சு. 2024-25 முதல் பிபிஏ ஏஐசிடிஇ வரம்புக்குள்ள வந்துடுச்சு. அனுமதி இருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்க, ஏஜென்ட் முகத்தைப் பாருங்க.

என் கட்சி: திருவண்ணாமலை மாதிரி ஊர்ல அரசு கலைக் கல்லூரி. பிபிஏ கிடைக்கலையா, பி.காம் எடுங்க. வங்கித் தேர்வு, குரூப் தேர்வு எதுக்கும் குறை வராது. திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக் கீழ இருக்கிற கல்லூரிகள்ல, தன்னாட்சிக் கல்லூரி தவிர, சிலபஸும் தேர்வும் ஒண்ணுதான். அப்புறம் தனியாருக்கு எதுக்கு லட்சம்?

ஆனா கல்லூரி பேரை விட விடுதி முக்கியம். ஜமுனாமரத்தூர்ல இருந்து தினமும் பஸ்ல இறங்கி ஏறி மூணு வருஷம் முடியாது. விடுதி கிடைக்காம ஒரு செமஸ்டர்ல திரும்பி வந்த பொண்ணை அடுத்த வருஷம் நான் கர்ப்பிணி செக்கப்ல பாக்கறேன். இது ஒருத்தி கதை இல்ல. விடுதிக்கும் கல்லூரிக்கும் ஒரே நாள்ல மனு போடுங்க. அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து படிச்ச பொண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் உண்டு.

"மலைப் பசங்களுக்கு பிசினஸ் படிப்பு எதுக்கு"ன்னு கீழ ஒருத்தர் கேட்டார். சாமையும் புளியும் தேனும் இங்க விளையுது, விலை வேற எங்கயோ போடறாங்க. அதுக்குத்தான்.

நல்ல மார்க் வாங்கறவங்களுக்கு இன்னொண்ணு. மாநிலத்துல எஸ்டி ஒதுக்கீடு 1%, மத்திய நிறுவனங்கள்ல 7.5%. க்யூட் தேர்வு எழுதினா டெல்லி பல்கலைக்கழகம் வரை போகலாம். இந்தூர் ஐஐஎம்ல ப்ளஸ் டூ முடிச்சவங்களுக்கே ஐந்தாண்டுப் படிப்பு 2011ல இருந்து இருக்கு, அதுக்குத் தனித் தேர்வு. இதை மலைப் பள்ளியில யாரும் சொல்றதில்ல. எனக்கு அதுல கோபம் உண்டு.

எதுக்கும் முதல்ல மலையாளி எஸ்டி சான்றிதழ் வேணும். தாசில்தார் இல்ல, கோட்டாட்சியர்தான் தரணும், நாள் ஆகும். ப்ளஸ் ஒன்லயே மனு கொடுத்துடுங்க.